கப்பலில் கற்ற ரிப்பேர்: எதைத் திறக்கக் கூடாது என்பதும் பயிற்சிதான்

கப்பலில் ரிப்பேர் தெரிந்த ஆட்கள் கூடினால் பழுது தானாகக் குறையும் என்று சொன்னால் கேட்க நியாயமாகத்தான் இருக்கும். நான் பார்த்த வரையில் அது பாதி உண்மை. ஸ்பேனர் பிடிக்க மட்டும் கற்றுக்கொண்ட பத்துப் பேர் இன்ஜின் ரூமில் இருந்தால் பழுது கூடவே செய்யும்.

கடற்படையில் இன்ஜின் பிரிவில் சேர்ந்து, சீஃப் (பிரிவின் மூத்த மாலுமி) ஆகி ஓய்வு பெற்றவன் நான். இப்போது கடலூர் முதுநகரில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் டீசல் இன்ஜின் பட்டறை வைத்திருக்கிறேன். விசைப்படகு இன்ஜின்தான் முக்கால்வாசி வேலை. துறைமுகத்துப் பையன்கள் சிலர் என்னிடம் தொழில் கற்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் கடற்படைக்கும் மனு போட்டிருக்கிறார்கள். "கப்பல்ல போய் என்ன சித்தப்பா கத்துக்குடுப்பாங்க? எல்லாம் கோர்ஸ்லயே முடிஞ்சிடாதா?" என்று ஒருவன் கேட்டான். அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கோர்ஸ் என்றால் எங்களுக்கு ஐ.என்.எஸ். சிவாஜி. 1945-ல் தொடங்கியது, லோனாவாலாவில் இருக்கிறது. கப்பல் இன்ஜினை கடல் கண்ணில் படாத மலை மேல் வைத்துச் சொல்லித்தருவது அந்த வயதில் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. மின்சாரப் பிரிவுக்காரர்கள் ஜாம்நகரில் இருக்கும் ஐ.என்.எஸ். வால்சுராவுக்குப் போவார்கள். இந்தப் பள்ளிகளைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்ஜின் ஏன் ஓடுகிறது, எந்த பேரிங் எதைத் தாங்குகிறது, கிளியரன்ஸ் எப்படி எடுப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். ஆனால் அங்கே பம்ப் மேடை மேல் இருக்கும், நாலு பக்கமும் சுற்றி வரலாம், தொட்டால் சுடாது. கப்பலில் அதே பம்ப் தரைத் தகடுக்குக் கீழே, பில்ஜில், அதாவது கப்பலின் அடிப்பள்ளத்தில், தேங்கும் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருக்கும். இடது கையை மட்டும்தான் உள்ளே விட முடியும். வெக்கை நாற்பது டிகிரியைத் தாண்டும். கப்பல் ஆடிக்கொண்டிருக்கும். அதோடு, ஒரே மாதிரிக் கப்பல்கள் என்று பேர்தானே தவிர, ஒவ்வொரு ரீஃபிட்டிலும் (கப்பலை நிறுத்திச் செய்கிற பெரிய பராமரிப்பு) ஒரு வால்வு கூடும், ஒரு பைப் இடம் மாறும். வரைபடத்தில் இருப்பது வேறு, இருட்டில் கைக்கு அகப்படுவது வேறு.

அதனால் கப்பலில் ஏறியதும் முதல் வேலை லைன் டிரேஸ் செய்வது. என் முதல் கப்பலில் சீஃப் கோட்டயத்துக்காரர். டார்ச், பென்சில், வெள்ளைத்தாள் மூன்றையும் கொடுத்து, ஃபியூயல் டேங்கில் ஆரம்பித்து இன்ஜெக்டர் வரை பைப்பைக் கையால் தொட்டுக்கொண்டே போய் வரைந்து வரச் சொன்னார். அச்சிட்ட வரைபடத்தைப் பார்த்து எழுதினால் அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அதில் இல்லாத ஒரு டிரெய்ன் காக் (வடிக்கிற சின்னத் திருகு வால்வு) அங்கே இருந்தது. ஃபியூயல் முடிந்து லூப் ஆயில் (மசகெண்ணெய்), கடல்நீர், ஃபயர் மெயின், பில்ஜ் என்று ஒவ்வொன்றாக வரைய வேண்டும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு ஒரு நாள் கண்ணைத் துணியால் கட்டி, "எமர்ஜென்சி ஃபியூயல் ட்ரிப்பில் கை வை" என்றார். ஆபத்தில் எரிபொருளை உடனே நிறுத்துகிற விசை அது. வாட்ச், அதாவது இன்ஜின் ரூம் முறைப்பணி, நிற்கும் தகுதிக்குத் தேர்வு போர்டு முன்னால் உட்காரும்போது கேள்வி கேட்ட அதிகாரிகளைவிட, இந்தக் கண்கட்டுத்தான் எனக்கு பயம்.

இதற்கும் இன்ஜின் நம்பகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பவம் சொல்கிறேன்.

டீசல் ஆல்டர்னேட்டரில், அதாவது கப்பலுக்குக் கரண்ட் கொடுக்கிற செட்டில், லூப் ஆயிலுக்கு இரட்டை ஃபில்டர் இருக்கும். ஒரு பக்கம் வேலை செய்யும், இன்னொரு பக்கம் சுத்தமாகக் காத்திருக்கும். அடைப்பு ஏறினால் இன்ஜினை நிறுத்தாமலேயே லீவரைத் திருப்பி மறுபக்கம் மாற்றலாம். புதிதாக வந்த ஒரு பையன் இரவு வாட்சில் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடியிருப்பதைப் பார்த்தான். பார்த்தது நல்ல விஷயம். கோர்ஸில் படித்தபடி லீவரைத் திருப்பினான். அடுத்த நொடி ஆயில் பிரஷர் விழுந்தது, பாதுகாப்பு ட்ரிப் வேலை செய்தது, செட் நின்றது, கப்பலில் பாதி இருட்டு.

புது எலிமெண்ட் போட்டு மூடியிருந்த அந்தப் பக்கத்தில் காற்று நிரம்பியிருந்தது. லீவரைத் திருப்பினதும் அந்தக் காற்று முழுதும் ஒரே கட்டியாக பேரிங் லைனுக்குப் போனது. லீவரைத் தொடும் முன்பு சின்ன நிரப்பு காக்கைத் திறந்து, மேலே வென்ட் காக்கைத் திறந்து, காற்று போய் ஆயில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பையனுக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. பரீட்சையில் கேட்டிருந்தால் எழுதியிருப்பான். அந்த வென்ட் காக் எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பின்னால் மறைந்திருந்தது. தேடினான், கிடைக்கவில்லை, பரவாயில்லை என்று திருப்பிவிட்டான்.

சீஃப் அவனைத் திட்டவில்லை. கரைக்கு வந்த பிறகு, செட் நின்றிருக்கும்போது அவனைக் கூட்டிப்போய் அந்த வென்ட் காக்கில் கை வைக்கச் சொன்னார். பிரைமிங் பம்பை ஓடவிட்டு, "என்ன வருதுன்னு சொல்லு" என்றார். முதலில் வெறும் காற்று சீறியது. பிறகு நுரை வந்தது, பால் நிறத்தில். "இப்ப மூடட்டுமா?" என்றான். "இன்னும் இல்ல." நுரைக்கு நடுவே துப்பித் துப்பி ஆயில் வந்தது. அப்புறம் சத்தமே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஒரே ஒழுக்காக இறங்கியது. "இப்பத்தான் மூடணும்." அதற்கப்புறம் அந்த செட்டில் ஃபில்டர் மாற்றி ட்ரிப் ஆனதாக எனக்கு நினைவில்லை. செய்முறைத்தாளில் "காற்று நீக்கவும்" என்று இரண்டு வார்த்தைதான் எழுதியிருந்தது.

கப்பலிலேயே, அந்த இயந்திரத்தின் மேலேயே, அதில் வாட்ச் நிற்கப் போகிறவனுக்கே கொடுக்கிற பயிற்சி என்று நான் சொல்வது இதைத்தான். இதில் அவன் ரிப்பேர் எதுவும் கற்கவில்லை. தன் கையால் புதிதாக ஒரு பழுது உண்டாகாமல் பார்த்துக்கொள்ளக் கற்றான்.

இந்த "தன் கையால்" என்பதைத்தான் நிறையப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இதற்கு நல்ல வரலாறே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கரையோரப் பிரிவு லிபரேட்டர் விமானங்களை வைத்து ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிக்கொண்டிருந்தது. விமானங்கள் அதிகநேரம் கொட்டகையிலேயே கிடந்தன. காரணம் பார்க்க வந்தவர்களில் வாடிங்டன் என்று ஒரு உயிரியல் விஞ்ஞானி. 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை விமானத்தைப் பிரித்துச் சோதிப்பது விதி. பழுதுகள் எப்போது வருகின்றன என்று அவர் கணக்குப் போட்டார். சோதனை முடிந்த கையோடு பழுது எகிறியது. பிறகு பறக்கப் பறக்கக் குறைந்துகொண்டே வந்தது. அடுத்த சோதனை முடிந்ததும் மறுபடி எகிறியது. சோதனையே பழுதைக் கொண்டுவந்தது. இடைவெளியைக் கூட்டினார்கள், விமானங்கள் அதிகநேரம் பறந்தன.

1978-ல் யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலன், ஹீப் இருவரும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக ஒரு அறிக்கை எழுதினார்கள். அதில் விமான பாகங்களின் பழுது வரலாற்றை வகை பிரித்திருந்தார்கள். 68 சதவிகிதம் பாகங்களில், புதிதாகப் பூட்டிய ஆரம்பத்தில்தான் பழுது அதிகம், அந்தக் கட்டம் தாண்டினால் நிலையாக ஓடுகிறது. வயதாக ஆகத் தேய்ந்து போகிறது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை 11 சதவிகிதம் மட்டுமே. மீதி 89 சதவிகிதத்துக்கு "இத்தனை மணி நேரம் ஆச்சு, கழற்றி மாற்று" என்பதால் லாபம் கிடையாது.

இந்த எண்களை அப்படியே கப்பலுக்குப் பொருத்தக் கூடாது என்பது என் கருத்து. உப்புத்தண்ணீர் தொடுகிற எதுவும் வயதாகத்தான் செய்யும். மற்ற இரும்புக்குப் பதில் தான் அரிபடுகிற துத்தநாகக் கட்டை கரைந்தே தீரும், பம்புக்குள் சுழல்கிற ரப்பர் இம்பெல்லர் விறைத்தே தீரும், கூலர் ட்யூப் அரித்தே தீரும். இவற்றைக் காலண்டர் பார்த்து மாற்றுவதுதான் சரி. எந்தப் பொருளுக்குக் காலண்டர், எதற்குக் காதும் கையும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிவதுதான் கப்பலில் வாங்க வேண்டிய பயிற்சியின் நடு மையம்.

மெக்கானிக்கல் சீலை எடுத்துக்கொள்ளுங்கள். கடல்நீர் பம்பில் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் கசியாமல் தடுக்கிற சாமான். கார்பன் வளையம் ஒன்று, செராமிக் வளையம் ஒன்று, இரண்டும் முகத்தோடு முகம் ஒட்டிச் சுழலும். அந்த முகங்களைக் கண்ணாடியைவிடச் சமதளமாக இழைத்திருப்பார்கள். பெட்டியைப் பிரித்ததும் மனுஷனுக்கு வருகிற முதல் ஆசை, அந்தப் பளபளப்பை விரலால் தடவிப் பார்ப்பது. விரலில் இருக்கிற கிரீஸும் அதில் ஒட்டியிருக்கிற இரும்புத் துகளும் போதும், புது சீல் ஒரு வாரத்தில் ஒழுக ஆரம்பிக்கும். உடனே "ஸ்பேர் சரியில்லை" என்று எழுதி அடுத்த பெட்டியைப் பிரிப்பார்கள். ஒரு கப்பலில் ஒரே பம்புக்கு சீல் மேல் சீலாகப் போய்க்கொண்டிருந்தது. அங்கே பயிற்சி கொடுத்த சீஃப் செய்தது ஒன்றுதான்: பூட்டும் வரை வளையத்தை அது வந்த காகிதத்தோடேயே பிடிக்க வைத்தார், முகத்தில் தெரியாத்தனமாகப் பட்டுவிட்டால் பஞ்சில்லாத துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வைத்தார், பூட்டுவதற்கு முன்னால் பம்புக்கும் மோட்டாருக்கும் நேர்கோடு சரியா என்று டயல் கேஜ் வைத்துக் காட்டச் சொன்னார். நேர்கோடு தவறியிருந்தால் எந்த சீலும் நிற்காது, அதையும் அங்கேயே கண்டுபிடித்தார்கள். ஸ்பேர் நல்ல ஸ்பேர்தான்.

மோட்டார் பேரிங்குக்கு கிரீஸ் அடிப்பதும் இதே கதைதான். பிரியத்தில் இன்னும் ரெண்டு பம்ப் அடிப்பார்கள். நிறைந்து வழிந்த கிரீஸை பேரிங் கடைந்து கடைந்து சூடேறும். குறைவாக அடித்துக் கெட்டதைவிட, கூட அடித்துக் கெட்ட பேரிங்தான் நான் அதிகம் பார்த்தது.

அடுத்தது லாக். இன்ஜின் ரூமில் மணிக்கு ஒருமுறை மீட்டர்களைப் படித்து எழுதுவோம். புதுப் பையன் முந்தின மணிக்கு எழுதியதைப் பார்த்துக்கொண்டு மீட்டரைப் பார்ப்பான். சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் காட்டும் முள் 380-க்கும் 385-க்கும் நடுவில் நின்றால், மேலே என்ன எழுதியிருக்கிறதோ அதையே எழுதுவான். அதனால் எங்கள் சீஃப் புதுப் பையனிடம் லாக் புத்தகத்தைத் தர மாட்டார், வெறும் சீட்டுதான் கொடுப்பார். படித்து வந்ததைப் பிறகு புத்தகத்தில் ஏற்றி, போன வாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஆறு சிலிண்டரில் ஐந்து 380 டிகிரி பக்கத்தில் இருக்க, ஒன்று மட்டும் 410 என்றால், "அலாரம் வரலையே சீஃப்" என்கிற பதில் அங்கே செல்லாது. அலாரம் அடிப்பதற்கு இன்னும் தூரம் இருக்கலாம். அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஏன் கூட்டத்தை விட்டு விலகுகிறது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் இன்ஜெக்டராக இருக்கும். துறைமுகத்தில் நிதானமாக மாற்றலாம். விட்டால் பிஸ்டன் வரை போகும், நடுக்கடலில்.

இதில் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. ஜாக்கெட் தண்ணீர் (இன்ஜினைச் சுற்றி ஓடிக் குளிர்விக்கிற தண்ணீர்) வெப்பம் வாரக்கணக்கில் 78 டிகிரியிலேயே நிற்கும். எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். அதை 78-ல் நிறுத்தி வைப்பது தெர்மோஸ்டாட் வால்வு. கூலரில் பாசியும் சிப்பியும் பிடித்து அடைக்க அடைக்க, வால்வு இன்னும் கொஞ்சம் திறந்து அதிகத் தண்ணீரைக் கூலர் பக்கம் தள்ளி அதே 78-ஐக் காட்டிக்கொண்டே இருக்கும். மீட்டரில் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வால்வு முழுக்கத் திறந்துவிடும், அதற்கு மேல் கையிருப்பு இல்லை. அதே வாரம் வேகத்தைக் கூட்டச் சொல்வார்கள், அல்லது கப்பல் வெதுவெதுப்பான கடலுக்குப் போகும், வெப்பம் மளமளவென ஏறும். அதனால் வெப்பத்தோடு வால்வின் நிலையையும், கூலருக்கு உள்ளே போகும் கடல்நீருக்கும் வெளியே வரும் கடல்நீருக்கும் உள்ள வித்தியாசத்தையும் எழுதப் பழக்குவோம். ஓடுகிற இன்ஜினில் வால்வின் மேல் கை வைத்துக் காட்டினால்தான் இது மனசில் ஏறும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஒரு செட் சராசரியாக 400 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகிறது, சரிசெய்ய 20 மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். அது வேலைக்குத் தயாராக இருக்கும் பங்கு 400-ஐ 420-ஆல் வகுத்தால் 95.2 சதவிகிதம். பயிற்சி கொடுத்து ரிப்பேர் நேரத்தை 10 மணியாகப் பாதியாக்கினால் 97.6 சதவிகிதம். ரிப்பேர் நேரம் அதே 20 மணி, ஆனால் பழுது 800 மணிக்கு ஒருமுறைதான் என்று ஆக்கினாலும் அதே 97.6. ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கை பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

கடலில் ஒன்றல்ல. பழுது எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்கிற சாதாரணக் கணக்கை வைத்தால், 400 மணி நேரப் பயணத்தை ஒரு பழுதும் இல்லாமல் முடிக்கிற வாய்ப்பு முதல் வழியில் 37 சதவிகிதம், இரண்டாவது வழியில் 61 சதவிகிதம். வேகமாகக் கழற்றி மாட்டுகிறவனுக்குத்தான் கைதட்டல் கிடைக்கும். ராத்திரியெல்லாம் முழித்துப் பம்பை ஓடவைத்தவனுக்குப் பாராட்டு உண்டு. அந்தப் பம்பு கெடாமலேயே பார்த்துக்கொண்டவனை யாருக்கும் தெரியாது. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை.

பயிற்சியின் பலனை அளக்கும்போது இன்னொரு இடத்திலும் ஏமாறுவார்கள். ஒழுங்கான பயிற்சி ஆரம்பித்த முதல் சில மாதங்களில் டிஃபெக்ட் லிஸ்ட் சுருங்காது, நீளும். முன்பு கண்ணில் படாத கசிவு, அதிர்வு, நிறம் மாறிய ஆயில் எல்லாம் இப்போது எழுத்தில் ஏறும். மேலே இருப்பவர், "பயிற்சி கொடுத்த பிறகு பழுது கூடிவிட்டதே" என்று பயிற்சியையே நிறுத்தினால் கதை முடிந்தது. எழுதப்பட்ட குறைகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இயந்திரம் தானாக நின்ற தடவைகளையும், ஒரே பழுது திரும்ப வந்த தடவைகளையும் மட்டும் எண்ணினால் உண்மை தெரியும். எழுதுகிறவன் தண்டனைக்குப் பயந்து எழுதாமல் விடுகிற கப்பலில் எந்த எண்ணும் உதவாது.

ஆள் குறைப்பு வேறு கதை. அமெரிக்கக் கடற்படை 2000-களின் தொடக்கத்தில் செலவைக் குறைக்கக் கப்பல்களில் ஆட்களைக் குறைத்தது. வகுப்பறைப் பயிற்சியையும் வெட்டி, நிறையப் பாடங்களைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படிக்கிற மாதிரி மாற்றியது. ஓய்வுபெற்ற வைஸ் அட்மிரல் பாலிஸ்லி தலைமையில் ஒரு குழு 2010-ல் அதன் விளைவைப் பரிசீலித்து அறிக்கை கொடுத்தது. கப்பல்களின் நிலைமை சரிந்திருப்பதையும், அதற்குக் காரணம் ஆள் குறைப்பு, பயிற்சிக் குறைப்பு, கரையில் பராமரிப்பு ஆட்களின் குறைப்பு மூன்றும் சேர்ந்தது என்பதையும் அது சொன்னது. கம்ப்யூட்டர் பாடம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நுரையையும் கண்ணாடி ஒழுக்கையும் திரையில் காட்டலாம்தான். எக்ஸாஸ்ட் பைப்புக்குப் பின்னால் கை விட்டு அந்த காக்கைத் தேட திரை கற்றுத்தராது. அதைக் காட்ட மூத்த ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும், அவருக்கு அதற்கு நேரமும் இருக்க வேண்டும். ஆளைக் குறைத்தால் முதலில் போவது அந்த நேரம்தான்.

கடலூர்க்காரனாக ஒரு பழைய கதையையும் சொல்லாமல் விட முடியாது. 1782 ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு வெளியே பிரெஞ்சு, ஆங்கிலக் கப்பற்படைகள் மோதின. இரண்டு பக்கமும் நல்ல சேதம். பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் தன் கப்பல்களை நேராகக் கடலூருக்குக் கொண்டுவந்தார். அந்த ஏப்ரலில்தான் கடலூர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்திருந்தது. இங்கே டாக்யார்டும் இல்லை, மரக்கிடங்கும் இல்லை. சின்னக் கப்பல்களின் பாய்மரக் கட்டைகளைக் கழற்றிப் பெரியதில் மாட்டி, கிடைத்ததை வைத்துக் கப்பல் ஆட்களே ஒட்டுப்போட்டு, ஆகஸ்ட் 1-ந்தேதி கிளம்பிவிட்டார்கள். சென்னையில் ரிப்பேர் பார்த்த ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ் புறப்பட ஆகஸ்ட் 20 ஆகிவிட்டது. அவர் திருகோணமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. தேவனாம்பட்டினம் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்குப் பீரங்கிக் கதை சொல்ல ஆள் உண்டு, இந்த ரிப்பேர் கதையைச் சொல்ல ஆள் இல்லை. (ஒன்றிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவதை நான் சிபாரிசு செய்யவில்லை. இன்றைய கப்பலில் அப்படிச் செய்தால் ஓடுகிற இயந்திரத்தையும் ஒருமுறை திறந்ததாகிறது. போர் நடக்கும்போது வேறு வழியில்லை, அவ்வளவுதான்.)

துறைமுகத்துக்கு வருகிறேன். எங்கள் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாளில்தான் விசைப்படகுகளைக் கரையேற்றி, இன்ஜினை இறக்கிப் பிரித்து, பெயிண்ட் அடித்து, எல்லாம் புதுசு மாதிரி ஆக்குவார்கள். பட்டறையில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஆனால் போன் ஓயாமல் அடிப்பது தடை முடிந்த முதல் வாரம். "அண்ணே, இப்பத்தானே முழு சர்வீஸ் பண்ணோம், பார் தாண்டினதும் ஹீட் ஏறுது!" (பார் என்றால் முகத்துவாரத்து மணல்திட்டு.) சர்வீஸ் பண்ணியதால்தான். ஒரு படகில் புது கேஸ்கெட் மடிந்திருக்கும், இன்னொன்றில் ஹோஸ் கிளாம்பை இறுக்கியிருக்க மாட்டார்கள். கடல்நீர் பம்ப் இம்பெல்லரின் இதழ்கள் திரும்பியிருக்கும், ஃபியூயல் லைனில் காற்று நிற்கும். வாடிங்டன் லிபரேட்டரில் பார்த்ததை நான் வருஷா வருஷம் ஜூன் மூன்றாவது வாரத்தில் முதுநகரில் பார்க்கிறேன்.

அதனால் என்னிடம் வருகிற பையன்களுக்கும், கேட்கிற படகு ஓனர்களுக்கும் சில பழக்கங்களைப் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

திறப்பதற்கு முன்னால் ஓடவிட்டு எழுது. ஆயில் பிரஷர், தண்ணீர் வெப்பம், புகையின் நிறம், எந்த வேகத்தில் அதிர்வு. நன்றாக ஓடிய இன்ஜினின் எண்கள் கையில் இல்லாமல், பிரித்துக் கோத்த பிறகு அது சரியா என்று எப்படிச் சொல்வாய்? இரண்டு வருஷமாக எழுதி வைத்த படகு ஒன்றில், இந்த வருஷம் ஹெட்டைத் திறக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ஓனர் நம்பாமல் மூன்று முறை கேட்டார். இம்பெல்லர், ஃபில்டர், துத்தநாகக் கட்டை, ஆயில், இன்ஜெக்டர் சோதனை இதோடு முடித்தோம். அந்தப் படகிலிருந்து சீசன் முழுக்க போன் வரவில்லை.

பூட்டியவனே சரிபார்க்கக் கூடாது. கப்பலில் ஒருவன் பூட்டினால் இன்னொருவன் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பான், மூன்றாமவன் கையெழுத்துப் போடுவான். இங்கே மூன்று பேர் கிடைக்க மாட்டார்கள். இரண்டு பேர் போதும். இறுக்கிய ஒவ்வொரு நட்டிலும் பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட வைக்கிறேன். கோடு இல்லாத நட் தூரத்திலிருந்தே தெரியும்.

ஆயிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க லேப் வேண்டாம். சூடான தகடில் ஒரு சொட்டு விடு. படபடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இது கப்பலிலும் செய்வதுதான். பையன்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும், தேவையில்லாதபோதும் செய்து பார்ப்பார்கள். செய்யட்டும் என்று விட்டுவிடுவேன். இன்ஜினைத் திறக்காமல் அதன் உள்ளே பார்க்கிற வழி எதுவானாலும் பழக்கமாகட்டும்.

கடலில் இன்ஜின் கூட இருக்கப்போகிற டிரைவர், சர்வீஸ் நடக்கும்போது பட்டறையில் இருக்க வேண்டும். இதற்குத்தான் பெரிய சண்டை. தடைக்காலத்தில் டிரைவர் வேறு கூலி வேலைக்குப் போயிருப்பார், அவர் குடும்பமும் சாப்பிட வேண்டுமே. ஓனர் அவருக்கு அந்த நாட்களின் கூலி கொடுத்தால் வருவார். கொடுத்த ஓனர்கள் சிலர் உண்டு. அந்தப் படகுகளின் டிரைவர்கள் போனில் பேசும்போதே வித்தியாசம் தெரியும். "இன்ஜின் நின்னு போச்சு" என்று சொல்ல மாட்டார்கள். "கடல்தண்ணி வெளிய வர்றது குறைஞ்சிருக்குண்ணே, ஸ்ட்ரெய்னர் பாத்துட்டேன், மணல் இல்ல, இம்பெல்லரா இருக்குமா?" என்பார்கள். முகத்துவாரத்து மணல் ஸ்ட்ரெய்னரை அடைப்பது இங்கே சகஜம், அதை முதலில் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறார் பாருங்கள், அதுவே பாதி வேலை.

பயிற்சியால் தீராதவையும் இருக்கின்றன. ரீஃபிட் தள்ளிப்போன கப்பலை எந்த சீஃபும் பயிற்சி கொடுத்து இளமையாக்க முடியாது. போலி ஸ்பேர் போட்டால் எவ்வளவு சுத்தமான கையாலும் நிற்காது. ஆளை நன்றாகத் தயார் செய்து முடிக்கும்போது டிரான்ஸ்ஃபர் வரும், அடுத்தவனுக்குக் கண்ணைக் கட்டி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கைமாற்றும்போது இரண்டு பேரும் சேர்ந்து சில நாளாவது ஒரே வாட்ச் நிற்க வேண்டும் என்பதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கிடைத்த கப்பலும் உண்டு, போகிறவன் ரயிலுக்குப் பை கட்டும்போது சாவிக்கொத்தை மட்டும் வாங்கிக்கொண்ட கப்பலும் உண்டு.

இப்போதைக்கு எனக்கும் ஓனர்களுக்கும் தீராமல் இருக்கிற வழக்கு ஒன்றே ஒன்று. சர்வீஸ் முடிந்ததும் படகைத் துறையிலேயே இழுத்துக் கட்டி, கியர் போட்டு லோடில் நாலு மணி நேரம் ஓட்ட வேண்டும், டிரைவர் பக்கத்தில் நின்று கால் மணிக்கு ஒருமுறை எழுத வேண்டும் என்கிறேன். ஆரம்பத்தில் வரவேண்டிய பழுது கரையிலேயே வந்து தொலையட்டும், பாருக்கு வெளியே வேண்டாம். அவர்கள் இன்ஜின் புத்தகத்தைப் பார்ப்பதில்லை, டீசல் விலையைப் பார்க்கிறார்கள். "மீனும் இல்லாம, கரையிலயே நின்னுக்கிட்டு அவ்ளோ டீசல் எரிக்கணுமா? நீயே ஊத்திக்கண்ணே" என்றார் சோனங்குப்பத்து ஓனர் ஒருவர். பாதி நான் ஊற்றுகிறேன், முதல் வாரம் போன் வரவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வருகிற ஜூனில் தெரியும்.